விநாடியைத் தொலைத்த கனஅடி

'மேட்டூர் அணை நிலவரம்' என்று நாளிதழின் ஒரு மூலையில் தினமும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, நீர் திறப்பு இத்தனை கனஅடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் ராசிபலன் பார்க்க மறந்தாலும் இதைப் பார்க்க மறக்க மாட்டார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இந்தப் பெட்டியின் படம்தான். படம் வந்ததும் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

"நூறைத் தொட்டுடுச்சு. இன்னும் இருபது அடிதான், ஆறுல அஞ்சு பங்கு ரொம்பிடுச்சு" என்பார் மன்னார்குடிச் சித்தப்பா. "இருபதாயிரம் கனஅடி வருது சித்தப்பா, ரெண்டு நாள்ல ஃபுல் ஆயிடும்" என்பான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் தம்பி. இரண்டுமே தப்பு. அதுவும் சின்னத் தப்பு இல்லை. அணை நூறு அடியில் இருக்கும்போது உள்ளே இருப்பது சுமார் 65 டி.எம்.சி. 120 அடிக்கு நிரம்பினால் 93.47. அதாவது மூன்றில் இரண்டு பங்கைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சமுள்ள 28 டி.எம்.சி. சொச்சத்தை விநாடிக்கு 20,000 கனஅடி வீதம் நிரப்ப, கீழே ஒரு சொட்டுகூடத் திறந்துவிடாமல் இருந்தாலும், பதினாறு பதினேழு நாள் ஆகும்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பவை ஒரே விஷயத்தின் நான்கு எண்கள் அல்ல. அடி என்பது நீளம். டி.எம்.சி. என்பது கொள்ளளவு. வரத்தும் திறப்பும் ஓட்டத்தின் வீதம், அதாவது கொள்ளளவை நேரத்தால் வகுத்து வருவது. பள்ளிக்கூடத்தில் அலகு மாற்றம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே அளவுக்குள் நடக்கும் மாற்றம். அடியை மீட்டராக்க 0.3048-ஆல் பெருக்கு, கனஅடியை லிட்டராக்க 28.317-ஆல் பெருக்கு. வாய்ப்பாடு தெரிந்த யாரும் செய்துவிடலாம், இப்போது கைப்பேசியே செய்துவிடும். ஆனால் அடியை டி.எம்.சி. ஆக்க அப்படி ஒரு பெருக்கல் எண் உலகத்தில் கிடையாது. அதற்கு அந்த அணையின் வயிறு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். கனஅடியை டி.எம்.சி. ஆக்க, எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரிய வேண்டும். தண்ணீரைப் பற்றிய நம் வாய்ச்சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் கேட்காமல் ஆரம்பிப்பவை என்பது என் எண்ணம்.

முதலில் டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கனஅடி, அதாவது நூறு கோடி கனஅடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரம் அடி உள்ள ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் கொள்வது ஒரு டி.எம்.சி. லிட்டரில் சொன்னால் 2,831 கோடியே 70 லட்சம். பரபரப்பான தலைப்பு வேண்டும் என்கிறபோது சிலர் லிட்டருக்குத் தாவிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். "பல ஆயிரம் கோடி லிட்டர் வீணாகக் கடலில் கலந்தது" என்று படித்தால் நெஞ்சு பதறும். அதையே "மூன்று டி.எம்.சி." என்று எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். தண்ணீர் என்னவோ ஒன்றுதான்.

அடுத்து கனஅடி. இங்கேதான் வம்பு. ஆற்றில் ஓடும் தண்ணீரைச் சொல்லும்போது கனஅடி என்றால் 'விநாடிக்கு இத்தனை கனஅடி' என்று பொருள். பொறியாளர்கள் இதை கியூசெக் என்பார்கள். நம் பேச்சிலும் எழுத்திலும் அந்த விநாடி எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. விழுந்ததோடு நின்றால் பரவாயில்லை, அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். 'நாளொன்றுக்கு 15,000 கனஅடி தண்ணீர் திறக்க உத்தரவு' என்ற வாக்கியத்தை நீங்களும் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். எழுதியபடியே அர்த்தம் கொண்டால் என்ன ஆகும்? 15,000 கனஅடி என்பது நாலேகால் லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 35 லாரிச் சொச்சம். இதற்காகவா இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம்வரை போகும்? ஒரு நடுத்தர அடுக்குமாடிக் குடியிருப்பு கோடைக்காலத்தில் சில வாரங்களில் இவ்வளவு லாரித் தண்ணீரை வாங்கித் தீர்த்துவிடும்.

உண்மையில் 2016 செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குச் சொன்னது, விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாட்களுக்குத் திறக்க வேண்டும் என்று. ஒரு நாளில் 86,400 விநாடி. 15,000-ஐ 86,400-ஆல் பெருக்கி, பத்தால் பெருக்கினால் 12.96 டி.எம்.சி. ஒரு வாரம் கழித்து, 12-ஆம் தேதி, அதை 12,000-ஆகக் குறைத்து 20-ஆம் தேதிவரை திறக்கச் சொன்னது. அன்றைக்குப் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. தெருவில் இறங்கியவர்களில் எத்தனை பேருக்கு 15,000-க்கும் 12,000-க்கும் உள்ள வித்தியாசம் நாளொன்றுக்குக் கால் டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டுகிறது என்பது தெரிந்திருக்கும்? இந்தப் பக்கம் கொந்தளித்த நமக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன?

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுதான். விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. சுமாராகச் சொன்னால் பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டால் எந்தச் செய்தியையும் எடைபோட்டுவிடலாம். 2023 ஆகஸ்ட் கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம் விநாடிக்கு 5,000 கனஅடி வீதம் 15 நாட்களுக்குத் திறக்கச் சொன்னது. பெருக்கிப் பார்த்தால் 6.48 டி.எம்.சி. இதை எதனோடு ஒப்பிடுவது? உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்புப்படி தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் வந்து சேர வேண்டும். அதை மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று போய், பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. ஆகஸ்டின் 45.95 டி.எம்.சி.யை அந்த மாதத்தின் 31 நாட்களுக்கும் சமமாகப் பிரித்தால் விநாடிக்கு 17,000 கனஅடிக்குச் சற்று மேல் வருகிறது. செப்டம்பருக்கு 14,000 சொச்சம். ஆக, 5,000 என்பது இயல்பான ஆகஸ்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2023 மழை பொய்த்த ஆண்டு, பற்றாக்குறையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற வாதமும் இருந்தது. அது வேறு விவாதம். ஆனால் அந்த விவாதத்துக்குள் போவதற்கு முன்பு, மாத ஒதுக்கீடு டி.எம்.சி.யிலும் அன்றாட உத்தரவு கனஅடியிலும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே மொழியில் கொண்டுவராமல் ஒருவர் எப்படிக் கோபப்படுவது, இன்னொருவர் எப்படிச் சமாதானமாவது?

அரசியல்வாதிகள் இதில் கில்லாடிகள். கொடுத்ததைச் சொல்லும்போது பெரிய எண்ணாக ஒலிக்கும் அலகு, கொடுக்க முடியாததைச் சொல்லும்போது சின்ன எண்ணாக ஒலிக்கும் அலகு. "ஐயாயிரம் கனஅடி கொடுத்தோம்" என்றால் வாரி வழங்கியதுபோல் இருக்கிறது. "தினம் 0.43 டி.எம்.சி. வந்தது" என்றால் நாக்கை நனைக்கக்கூடப் பற்றாததுபோல் இருக்கிறது. ஐயாயிரமும் 0.43-ம் ஒன்றேதான்.

இனி அடிக்கு வருவோம். மேட்டூரின் 120 அடியைப் பற்றி எனக்குப் பல காலம் இருந்த குழப்பம், அணையின் உயரம் 214 அடி என்று எங்கோ படித்ததால் வந்தது. 214 அடி உயர அணையில் 120 அடிக்கே நிரம்பிவிட்டது என்கிறார்களே, மீதி எங்கே? 214 என்பது அஸ்திவாரத்திலிருந்து எடுத்த உயரம். 120 என்பது நீர்த்தேக்கத்துக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு எண்ணுவது. மத்திய நீர்வள ஆணையத்தின் பட்டியலில் இதே மேட்டூர் 240.79 மீட்டரில் நிரம்புகிறது. அது கடல் மட்டத்திலிருந்து. 240.79 மீட்டரை அடியாக்கினால் 790. ஆக, நாம் சொல்லும் 120 அடி, கடல் மட்டத்துக்கு 790 அடி. 670 அடியில் நம் பூஜ்யம் தொடங்குகிறது.

பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு அணைக்கும் ஒரு மரபு. கிருஷ்ணராஜ சாகருக்கு 124.80 அடி என்கிறோம், அது அணையின் கணக்கு. கபினிக்கோ சில செய்திகளில் 84 அடி, சிலவற்றில் 2,284 அடி. இரண்டாவது, கடல் மட்டத்திலிருந்து. இதை அறியாமல் "கபினி எவ்வளவு ஆழம் பார்த்தியா, ரெண்டாயிரம் அடி!" என்று வியந்தவரை நான் அறிவேன், பெயர் வேண்டாம். சரி, பூஜ்யம் தெரிந்துவிட்டது, இப்போது ஒப்பிடலாமா என்றால் அதுவும் முடியாது. கிருஷ்ணராஜ சாகர் 124.80 அடி, மேட்டூர் 120 அடி. அடியை மட்டும் பார்த்தால் அது ஒரு படி பெரியது. கொள்ளளவில் அது 49.45 டி.எம்.சி., இது 93.47. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடி ஒப்பிடுவதற்கான எண்ணே அல்ல. அந்த ஓர் அணையை நேற்றோடு இன்று ஒப்பிட மட்டும் உதவும்.

அப்படிப் பார்க்கும்போதும் ஒரு அடி இன்னொரு அடிக்குச் சமமில்லை. மலைகளுக்கு நடுவில் கட்டிய நீர்த்தேக்கம் கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். மேட்டூர் நிரம்பி நிற்கும்போது தண்ணீர் பரந்திருக்கும் பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். அந்த நிலையில் ஒரு அடி ஏற 1.65 டி.எம்.சி. வேண்டும். விநாடிக்கு 19,000 கனஅடி ஒரு நாள் முழுக்க உள்ளே வந்து தங்கினால்தான் 119 என்பது 120 ஆகும். அணை நாற்பது அடிக்கு வற்றிக் கிடக்கும்போது உள்ளே இருப்பது மொத்தமே 12 டி.எம்.சி. அளவுதான். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு. வெள்ளம் வரும்போது வற்றிய அணை ஒரே நாளில் பத்து அடி ஏறியது என்று கொண்டாடுவதும், பிறகு நூறைத் தாண்டி நகராமல் நிற்கிறதே என்று புலம்புவதும் இதனால்தான்.

சித்தப்பாவுக்காக நானே ஒரு குறுக்கு வழி போட்டுவைத்திருக்கிறேன். நீர்மட்டத்தை 120-ஆல் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 93.47-ஆல் பெருக்க வேண்டும். நூறு அடிக்கு 64.9 வருகிறது, பொருந்துகிறது. கீழே போகப் போகப் பிசகும். நாற்பது அடிக்கு இந்தக் கணக்கு பத்தரைக்கும் கீழே காட்டும். அதிகாரிகளிடம் இருப்பது இப்படிப்பட்ட சூத்திரம் இல்லை, அடிக்கு அடி அளந்து எழுதிய அட்டவணை. அவர்கள் அளவுகோலில் அடியைப் படிக்கிறார்கள், அட்டவணையில் டி.எம்.சி.யைப் பார்க்கிறார்கள். நாம் டி.எம்.சி. என்று படிப்பது நேரடியாக அளந்தது அல்ல, அடியிலிருந்து பெயர்த்தது.

நீர்மட்டத்தை 119.41 என்பதுபோல் இரண்டு தசமத்துக்குச் சொல்கிறார்களே, அந்தக் கடைசி இலக்கம் எவ்வளவு என்று ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 0.01 அடி என்றால் மூன்று மில்லிமீட்டர். அணை நிரம்பியிருக்கும்போது அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் 1.65 கோடி கனஅடி, அதாவது 46 கோடி லிட்டருக்கு மேல். ஒரு நல்ல காற்று அடித்தால் கரையில் ஏறும் அலை இதைவிடப் பல மடங்கு உயரம்.

கனஅடியை எப்படி அளக்கிறார்கள்? ஓடுகிற ஆற்றை யாரும் பாத்திரத்தில் பிடித்து அளக்க முடியாது. பில்லிகுண்டுலு போன்ற இடங்களில் ஆற்றின் குறுக்குவெட்டைத் தெரிந்துவைத்துக்கொண்டு, நீரோட்டமானியை இறக்கி வேகத்தை அளந்து, பரப்பை வேகத்தால் பெருக்குகிறார்கள். தண்ணீர் இந்த உயரத்தில் இருந்தால் ஓட்டம் இவ்வளவு என்று ஒரு வளைகோடு பழகிவிட்ட பிறகு, உயரத்தைப் பார்த்தாலே போதும். இங்கேயும் அடிப்படையில் படிப்பது நீளம்தான். கனஅடி அதிலிருந்து பிறக்கிறது.

நீளத்தைப் படித்து ஓட்டத்தைச் சொல்லும் இந்த வித்தையைக் கிராமத்தில் கண்ணெதிரே பார்க்க வேண்டுமானால் போர்வெல் போடும் இடத்துக்குப் போக வேண்டும். கொங்குப் பக்கம் மாமா தோட்டத்தில் ஒருமுறை ராத்திரி முழுக்க நின்றேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி. ஒரு லாரியில் கோபுரம், இன்னொரு லாரியில் கம்ப்ரஸர். ராடு ராடாக இறங்குகிறது, அடிக்கு இவ்வளவு என்று காசும் ஏறுகிறது. வெள்ளைப் புழுதி பறந்துகொண்டே இருந்து, திடீரென்று ஈரம் கண்டு, சேறாகி, பிறகு தண்ணீர் பீறிட்டது. உடனே பையன்கள் மண்ணை வெட்டிச் சின்ன வரப்பு கட்டி, தண்ணீர் போகும் வழியில் ஒரு இரும்புத் தகட்டைச் செருகினார்கள். தகட்டின் மேல் விளிம்பில் 'V' வடிவில் ஒரு வெட்டு. தண்ணீர் அந்த வெட்டு வழியாக வழிய ஆரம்பித்ததும், டார்ச் அடித்து, வெட்டின் கீழ்முனையிலிருந்து எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தார் டிரில்லர்.

"ரெண்டு இஞ்சு தண்ணிங்க."

"முன்னூறடியில ஒரு இஞ்சுன்னீங்களே, இப்ப டபுள் ஆயிருச்சுங்களா?" என்றார் மாமா.

"டபுளெல்லாம் இல்லீங்க, அதுக்கும் மேலங்க" என்று சிரித்தார் அவர்.

அவர் சொன்னதுதான் சரி. 'V' வெட்டில் தண்ணீர் உயர உயர, ஆழமும் கூடுகிறது, அகலமும் கூடுகிறது, அழுத்தத்தால் வேகமும் கூடுகிறது. ஓட்டம், உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஏறும். செங்கோண வெட்டுக்குக் கணக்குப் போட்டால், ஒரு இஞ்ச் என்பது மணிக்கு ஏறக்குறைய 500 லிட்டர். இரண்டு இஞ்ச், 2,900. மூன்று இஞ்ச், 8,000-ஐ நெருங்கும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் பதினைந்து மடங்குக்கு மேல். இது தெரியாமல் "பக்கத்துத் தோட்டத்துல மூணு, எனக்கு ரெண்டு, ஒண்ணுதானே கம்மி" என்று மனதைத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. இன்னொரு சிக்கல், இஞ்ச் என்றதும் சிலர் மோட்டாரிலிருந்து வெளியே வரும் குழாயின் விட்டத்தைச் சொல்வார்கள். ஒன்றரை இஞ்ச் குழாய் நிறையத் தண்ணீர் வேறு, வெட்டில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வேறு. மோட்டார் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மணிக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. கம்ப்ரஸர் காற்று தள்ளும்போது வந்த தண்ணீர் மோட்டார் போட்ட பிறகும் அப்படியே வருமா என்பது தனிக் கேள்வி, அதற்குள் இப்போது போகவில்லை.

திரும்ப டெல்டா. கனஅடி, அடி, ஏக்கர் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் இங்கே சில கணக்குகள் அழகாக விழும். விநாடிக்கு ஒரு கனஅடி ஓடும் வாய்க்காலை ஒரு மணி நேரம் வயலுக்குள் திருப்பினால் 3,600 கனஅடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்ட 3,630 கனஅடி வேண்டும். ஆக, ஒரு கனஅடி, ஒரு மணி நேரம், ஒரு ஏக்கர், ஒரு அங்குலம். நீர்ப்பாசனப் பொறியாளர்கள் அடிக் கணக்கை விட மனமில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மெட்ரிக்கில் இப்படி 'ஒன்று ஒன்று ஒன்று' என்று வராது. தஞ்சாவூர் மா கணக்கிலும் போடலாம். நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. ஒரு மாவுக்கு இரண்டு அங்குலம் கட்ட அதே வாய்க்காலில் நாற்பது நிமிடம். இருபது மா கொண்ட ஒரு வேலி என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தலைமடைக்காரன் ஒரு மணி நேரம் கூடுதலாக மடையைத் திறந்துவைத்தால், கடைமடைக்காரன் எத்தனை மா காய்வான் என்பதை இந்தக் கணக்கு பைசா சுத்தமாகச் சொல்லிவிடும்.

நெல்லுக்கு நட்டதிலிருந்து அறுப்புவரை சுமார் 1,200 மில்லிமீட்டர், அதாவது நாலடித் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. 5,700 ஏக்கர் சொச்சத்துக்குப் போதும். வழியில் வாய்க்கால் குடிப்பதும் மழை கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கனஅடி சொல்லாத இன்னொன்றும் உண்டு. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் சித்தப்பாவின் முதல் கேள்வி, "பத்தாயிரம் விட்டுருக்கானுவ தம்பி, நமக்கு எப்ப வரும்?" என்பது. பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு 'எப்ப' என்று சொல்ல முடியாது. 'எப்ப' என்பது வேகம். மேட்டூரிலிருந்து கல்லணை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தண்ணீர் வந்துசேர மூன்று நாள் அளவுக்கு ஆகும். மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அதற்குப் பிறகு கிளை வாய்க்கால்கள், மதகுகள், காய்ந்து வெடித்த வாய்க்கால் தரை. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மறுநாளே வாய்க்காலை எட்டிப் பார்ப்பவர் எங்கள் சித்தப்பா மட்டும் இல்லை.

சென்னைக்கு வந்தால் அலகுகளே மாறிவிடும். ஏரிகளுக்கு மில்லியன் கனஅடி. குடிநீருக்கு எம்.எல்.டி., நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். மழைக்கு சென்டிமீட்டர். மூன்றும் தனித்தனி உலகங்கள்போல் செய்தியில் வரும். கோத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். ஒரு டி.எம்.சி. என்பது 28,317 மில்லியன் லிட்டர். தினம் 1,000 எம்.எல்.டி. வீதம் விநியோகித்தால் 28 நாளுக்கு வரும். சென்னைக்கு மாதம் ஒரு டி.எம்.சி. என்று சொல்வது இதைத்தான். மாநகராட்சிப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அது முழுக்கப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒன்றரை டி.எம்.சி. ஒரு நாள் மழை, ஒன்றரை மாதக் குடிநீர். விழுந்தது எல்லாம் பிடிக்கக்கூடியது அல்ல, ஆனாலும் அந்த எண் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. மீஞ்சூரில் உள்ள 100 எம்.எல்.டி. கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை ஆற்றுக் கணக்குக்குப் பெயர்த்தால் விநாடிக்கு 41 கனஅடி. மேட்டூர்ப் பெட்டியில் இந்த எண் வந்தால் 'நீர்வரத்து அடியோடு நின்றது' என்று எழுதுவார்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததாக அரசுக் கணக்கு. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3,645 மில்லியன் கனஅடி, அதாவது மூன்றரை டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். 29,000 வீதத்தில் ஒரு டி.எம்.சி. வெளியேற ஒன்பதரை மணி நேரம் போதும். நகரம் ஒரு மாதம் குடிக்கும் தண்ணீர் ஒரு ராத்திரிக்குள் அடையாற்றில் போகும் வேகம் அது. அப்போது "ஏரியில் இருந்ததே மூணு டி.எம்.சி.தானே, அது எப்படி ஊரை மூழ்கடிக்கும்?" என்று வாதம் செய்தவர்களும் இருந்தார்கள். மூழ்கடித்தது கொள்ளளவு அல்ல, வீதம். அடையாறு விநாடிக்கு எவ்வளவு கடத்தும் என்பதோடு ஒப்பிட வேண்டியது விநாடிக்கு எவ்வளவு வந்தது என்பதை. அந்த 29,000 போக, வழியெங்கும் பெய்த மழையும் மற்ற ஏரிகளின் உபரியும் அதே ஆற்றில்தான் சேர்ந்தன.

நாடு மெட்ரிக்குக்கு மாறச் சட்டம் போட்டது 1956-இல். படியும் வீசையும் ராத்தலும் போய்விட்டன. அணை மட்டும் அடியிலேயே நிற்கிறது. மத்திய நீர்வள ஆணையம் மீட்டரிலும் பில்லியன் கனமீட்டரிலும் எழுதுகிறது, அதில் மேட்டூர் 2.647. மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். ஒரு பில்லியன் கனமீட்டர் 35.3 டி.எம்.சி. அதை இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் கடைசி இலக்கத்தில் 0.35 டி.எம்.சி. ஒளிந்துகொள்ளும். விநாடிக்கு 4,000 கனஅடி ஒரு நாள் ஓடுவது அவ்வளவுதான். பத்தாயிரமா ஐயாயிரமா என்று சண்டை நடக்கும் ஆற்றில் அது சின்ன எண் இல்லை. தீர்ப்புகளும் ஒப்பந்தங்களும் டி.எம்.சி.யில் இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும். செய்தி எழுதுபவர்கள் 'விநாடிக்கு' என்ற ஒரு சொல்லைத் திரும்பச் சேர்த்தாலே எனக்குப் போதும்.

அடியையும் டி.எம்.சி.யையும் இணைக்கும் அந்த அட்டவணையைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 0.3048 என்பது இன்றைக்கும் என்றைக்கும் 0.3048. அணையின் அட்டவணை அப்படி இல்லை. பவானிசாகர் செய்தியில் '120 அடி உயரம், சேறு சகதி 15 அடி போக 105 அடி' என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். மேட்டூர் 1934 ஆகஸ்ட் 21-இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து உள்ளே இறக்கிக்கொண்டேதான் இருக்கிறது. நீர்மட்டம் 120-ஐத் தொட்டதும் நாம் எழுதுவது அதே 93.47. அளவுகோலில் படித்த அடி சரியாகத்தான் இருக்கும். அதிலிருந்து பெயர்த்த டி.எம்.சி.யில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மண் என்பதை, மறுபடி அணைக்குள் படகில் போய் ஆழம் பார்த்துப் புது அட்டவணை எழுதுபவர்கள்தான் சொல்ல முடியும்.